கைஸென்

ஜப்பானிய மொழியில் 'கை' என்றால் மாற்றம், 'ஸென்' என்றால் நன்மை. இரண்டும் சேர்ந்து 'நல்லதாக மாற்றுதல்' என்று பொருள்படும். இந்த 'ஸென்' வேறு, ஸென் பௌத்தம் வேறு. பின்னது 'தியானம்' என்ற சொல்லின் திரிபு. அதற்குரிய எழுத்தும் தனி. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

அன்றாட ஜப்பானியத்தில் கைஸென் எந்த மேம்பாட்டையும் குறிக்கும். 'தொடர்ந்து, சிறுகச் சிறுக' என்னும் பொருள் தொழிற்சாலைகளில் ஏறியது. அங்கே அதன் இணைச்சொல் 'தேயன்', அதாவது முன்வைக்கும் யோசனை. 1950இல் டொயோட்டாவின் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்வையிட்டார். அங்கு கண்ட ஆலோசனை முறையைத் தழுவி, 1951இல் டொயோட்டா தன் ஊழியர் யோசனைத் திட்டத்தைத் தொடங்கியது. உதிரிபாகப் பெட்டியைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம் என்பது போன்ற சின்ன யோசனையும் கைஸென்தான். இயந்திரத்தின் முன் நாளெல்லாம் நிற்பவரின் அறிவை மதிப்பதே இச்சொல்லின் உயிர், யோசனைக்குக் கிடைக்கும் பரிசுத்தொகை இரண்டாம்பட்சம்.

மசாக்கி இமாய் கைஸென் பற்றி எழுதிய 1986ஆம் ஆண்டு நூல் வழியாக இச்சொல் உலகெங்கும் பரவியது. தமிழில் 'தொடர் மேம்பாடு' எனலாம். ஆனால் ஆலைகளில் கைஸென் என்றே வழங்குகிறது.