தேடலை வகுக்கும் நிலம்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தை முன்வைத்து

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேன் எடுப்பவர்கள் எல்லாத் தேனையும் ஒரே விதமாகத் தேடுவதில்லை. மலைத்தேனீ பாறைச் சரிவிலும் பெருமரக் கிளையிலும் வெட்டவெளியாகக் கூடு கட்டும். பருவம் மாறினால் கூட்டத்தோடு இடம்பெயர்ந்து, அடுத்த பருவத்தில் பெரும்பாலும் அதே பாறைக்கே திரும்பி வரும். அதைத் தேடுபவருக்கு எந்தப் பாறை, எந்த மாதம் என்ற நினைவு போதும். பொந்துத் தேனுக்கு அந்த நினைவு அவ்வளவாக உதவாது. ஓடைக்கரையில் நீர் உறிஞ்சும் தேனீ எந்தப் பக்கம் எழும்பிப் பறக்கிறது என்று பார்க்க வேண்டும். இலைகளின் மேல் மஞ்சள் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கும் தேனீ எச்சத்தைக் கவனிக்க வேண்டும். பிறகு சந்தேகப்படும் மரத்தடியில் நின்று, வெயிலுக்கு எதிரே அண்ணாந்து பார்த்து, சிறகுகள் மின்னி மறையும் துளையைப் பிடிக்க வேண்டும். ஆள் ஒருவர்தான், காடும் ஒன்றுதான். தேடப்படும் பொருள் அந்த நிலத்தில் இருக்கும் விதம் மாறுவதால் தேடும் முறையும் மாறிவிடுகிறது.

தேடுபவரின் அறிவுக்கூர்மையை மட்டும் அளந்து தேடலை விளக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஹெர்பர்ட் சைமன் 1956இல் இதற்கான அடித்தளத்தை இட்டார். உயிர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, போதுமானது கிடைத்ததும் நின்றுவிடுகின்றன, எது போதும் என்பதில் சூழலின் அமைப்புக்குப் பெரும் பங்குண்டு என்றார் அவர். 1976இல் எரிக் சார்னோவ் இன்னொரு விதியை வகுத்தார். ஓரிடத்தில் கிடைக்கும் பலன் அந்த வட்டாரத்தின் சராசரிக்கு இறங்கியதும் அடுத்த இடத்துக்கு நகர்வதே லாபம் என்பது அது. இரண்டும் வலுவான கருத்துகள். ஆனால் அந்தச் சராசரியைத் தேடுபவர் எங்கிருந்து அறிந்துகொள்கிறார் என்ற கேள்விக்குப் பதில் வேண்டுமானால் மலையடிவாரத்துக்குத்தான் வர வேண்டும்.

இந்த மலைகளின் பழங்குடிகளான பளியர்களிடையே 1960களில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், 1966இல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றைச் சுட்டினார். பளியரின் காட்டறிவு பெரியவர்கள் உட்காரவைத்துச் சொல்லித்தரும் பாடம் அன்று; ஒவ்வொருவரும் தம் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்வது. ஒரே பொருளைப் பற்றி இருவர் சொல்வது வேறுபடுவதும் அங்கே இயல்பு. இதைக் குறைபாடு என்று எண்ணுவது தவறு. காட்டு வள்ளிக்கிழங்கையே எடுத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் கொடி செழித்துக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அப்போது கிழங்கு முற்றியிருக்காது. கிழங்கு முற்றும் கோடையில் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். பச்சையாக இருந்தபோது எந்த மரத்தில் ஏறியிருந்தது என்பதை நடந்து பார்த்தவர் மட்டுமே மண்ணில் சரியான இடத்தில் கோலை ஊன்ற முடியும். இந்த அறிவைப் பட்டியலாக எழுதிக் கைமாற்ற முடியாது.

அறிவியலாளரின் தேடலும் இதே நிலத்தில் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைந்தது. கிளைகளின் மறைவில் அசையாமல் படுத்துக்கொள்ளும் அணிலைக் காண்பது கடினம்; கிளை நுனிகளில் அது கட்டும் இலைக்கூடு எளிதில் தெரியும். ஆகவே ஆய்வாளர்கள் கூட்டைத் தேடினார்கள். ஆனால் ஓர் அணிலே பல கூடுகள் கட்டும், கைவிட்ட கூடும் சில காலம் கலையாமல் இருக்கும். கூட்டை எண்ணி அணிலைக் கணக்கிடுபவர் புதியது எது, பழையது எது என்று பிரித்தறியக் கற்றிருக்க வேண்டும். கூட்டுமரத்தின் கிளைகள் அடுத்த மரங்களோடு கோத்திருக்கின்றனவா என்பதும் முக்கியம், அணில் தப்பிப்பதும் இரைக்குப் போவதும் அந்தக் கிளைப்பாதையில்தான். இவ்வட்டாரத்து அணில்களையும் மனிதத் தலையீட்டால் அவற்றின் வாழிடம் சிதைவதையும் பற்றி ஜஸ்டஸ் ஜோஷுவாவும் ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் 1994இல் எழுதியது இன்றும் படிக்க வேண்டிய ஆய்வு.

ராஜபாளையம் நாய் வேறொரு சான்று. மோப்பத்தைவிடப் பார்வையையும் ஓட்டத்தையும் நம்பும் வேட்டை இனம் அது. மரம் நெருங்காத அடிவாரப் புதர்நிலத்துக்கு அந்தத் தேடல் பொருந்தும். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை போயிற்று, நாய் காவலுக்கு மாறியது.

ஊருக்குள் தேடல் இன்னும் வேறு. பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1930களில் தொடங்கிய ராஜபாளையம் மில்லுக்குப் பின் நூற்பாலைகள் பெருகிய இவ்வட்டாரத்தில், பக்கத்துச் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பெயர் பெற்றது. தறிக்காரருக்குத் தீர்வு காட்டில் ஒளிந்திருப்பதைப் போல ஒளிந்திருப்பதில்லை. அடுத்த வீட்டுத் தறியில் என்ன ஓடுகிறது, யாருக்கு ஆர்டர் வருகிறது என்பது தெருவுக்கே தெரியும். பார்த்துச் செய்வது செலவு குறைந்த தேடல். ஒரு தொழில் ஊர் முழுதும் பரவுவதற்கு இது பெருங்காரணம். அதன் விலையும் உண்டு. எல்லோரும் ஒரே துணியை நம்பியிருப்பதால், நூல் விலை ஏறினால் எல்லாத் தறிகளும் ஒன்றாக அடிபடுகின்றன. பளியர்களிடையே இருவர் அறிவு வேறுபடுவதில் உள்ள காப்பு இங்கே இல்லை.

2021இல் இக்காடுகள் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயின. தானியங்கிக் கேமராக்கள் புலியைத் தேடித் தரும், அது தேவையானதே. ஆனால் கேமராவை எந்தத் தடத்தில் கட்டுவது என்று முடிவெடுக்கக் காட்டை நடந்து அறிந்தவர் வேண்டும். 2006இன் வன உரிமைச் சட்டம் தேன் போன்ற சிறு வனப்பொருள்களின் மீது பழங்குடிகளுக்கு உரிமை தருகிறது. நடைமுறையில் அந்த உரிமை சுருங்கினால் வருமானத்தோடு அந்த நடையும் நிற்கும், ஒரே தலைமுறையில் அறிவும் போய்விடும். எனவே அணில் கணக்கெடுப்பிலும் புலித்தடம் பார்ப்பதிலும் பளியர்களை வழிகாட்டும் கூலியாட்களாக மட்டும் சேர்ப்பது போதாது. எந்த அடையாளத்தை வைத்து, எந்தப் பருவத்தில் அவர்கள் எந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதையும் கணக்கெடுப்பின் பதிவேட்டில் அவர்கள் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.