பார்க்காமலே திட்டிய படம்



மலருக்குக் கட்டுரை என்றதும் எல்லோரும் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதுவீர்கள். நான் லூயி மால் என்ற பிரெஞ்சு டைரக்டரைப் பற்றி எழுதுகிறேன். காரணம், ஒரு பழைய கடன்.

2008-ல் ஓர் இரவு. தாம்பரம் விடுதி அறையில் படம் பார்க்கக் கூடியிருந்தோம். திருவான்மியூரிலிருந்து வந்த நம் வகுப்பு நண்பன், "லூயி மால் படம் போடலாம்டா, எங்க ஏரியா வருது" என்றான். "நம்ம வறுமையைக் காட்டிப் பேர் வாங்கின வெள்ளைக்காரன்டா அவன்!" என்று நான் கத்தினேன். அறையே என் பக்கம் சேர்ந்தது. அவன் பேசாமல் லேப்டாப்பை மூடிவிட்டான். உண்மை என்னவென்றால், அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூட நான் பார்த்ததில்லை.

இனி வரலாறு. 1932-ல் பிறந்த மால், 23 வயதிலேயே கூஸ்தோவுடன் சேர்ந்து இயக்கிய கடலடிப் படத்துக்காக 1956-ல் கான் விழாவின் முதல் பரிசைப் பெற்றவர். 1968-ல் ஒளிப்பதிவாளர் ஒருவர், ஒலிப்பதிவாளர் ஒருவர், தான் என மூன்றே பேராக இந்தியாவைச் சுற்றினார். கையில் 16 எம்.எம். காமிரா. அதில் பிறந்ததுதான் ஏழு பகுதிகள் கொண்ட 'ஃபேண்டம் இந்தியா'. 1970-ல் பி.பி.சி. அதை ஒளிபரப்பியபோது இந்திய அரசு கடுமையாக எதிர்த்தது. பி.பி.சி. பணியவில்லை. அதன் டெல்லி அலுவலகத்தையே மூட வைத்தார்கள். மாலுக்கு இங்கே கெட்ட பெயர் நிலைத்தது அப்படித்தான். நான் விடுதியில் ஒப்பித்ததும் அந்தப் பழைய கோபத்தைத்தான்!

போன வருஷம் ஒருவழியாகப் பார்த்தேன். வறுமை இருக்கிறது, மறுப்பதற்கில்லை. சில இடங்களில் அவருடைய விளக்கம் அவசரப்படுகிறது. ஆனால் முதல் பகுதிக்கு அவர் வைத்த பெயரே 'இயலாத காமிரா'. வெளியாளான தனக்கு எவ்வளவு புரியும் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

இரண்டாம் பகுதி முழுக்க நம்ம மெட்ராஸ். மயிலாப்பூரில் தேர் அசைந்து வருகிறது. சோவின் நாடகம் நடக்கிறது. 'தில்லானா மோகனாம்பாள்' ஷூட்டிங்கில் பத்மினி ஆடுகிறார். பிறகு திருவான்மியூர் கலாக்ஷேத்ரா. மாணவிகளின் அடவுகளைக் காமிரா அவசரமே இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நாம் பிறப்பதற்கு இருபது வருஷம் முந்தைய நம் ஊர், வண்ணத்தில், நடமாடுகிறது! அன்று அவன் காட்ட நினைத்தது இதைத்தான்.

மால் 1995-ல் மறைந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. நண்பா, உன்னிடம் கேட்கலாம். சந்திப்பு நாளன்று லேப்டாப்போடு வருகிறேன். இந்தத் தடவை நீ போடு, நான் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.

இப்போது விடுதியில் இருக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் வாங்க. திட்டுவதானால் பார்த்துவிட்டுத் திட்டலாம்.