பழைய காமிராவும் கானக உயிர்களும்

மும்பையினின்று வாஷிப் பாலத்தைக் கடந்து செல்வோர், குளிர்காலத்திலும் இளவேனிலிலும், தாணே கடற்கழியின் சேற்றுப் பரப்பில் இளஞ்சிவப்பு நிறம் படர்ந்திருப்பதைக் காண்பதுண்டு. அவை பூநாரைகள். 1990ஆம் ஆண்டுகள் தொட்டு இப்பறவைகள் பெருந்திரளாக இக்கரையை நாடி வருகின்றன. கடற்கழியின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது.

விடுமுறை நாட்களில் இப்பறவைகளைப் படம் பிடிக்க வருவோர் பலர். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்து பின்னர் வாஷியிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் இளைஞரும் அவர்களுள் உளர். அவர்கள் கையிலுள்ள நெடிய லென்சுகள் யாவும் புதியனவல்ல. கோட்டைப் பகுதியின் போரா பஜார் வீதியிலோ, முன்பு வைத்திருந்தவரிடம் நேரிலோ, பேரம் பேசி வாங்கியவை பல. பிறர் கைபட்ட கருவியைக் கொண்டு பெரும்பணி ஏதேனும் செய்ய இயலுமோ என்று அவர்களுள் சிலர் ஐயுறக்கூடும். அவ்வையத்திற்கு நம் நாட்டு வரலாறே விடை தருகின்றது.

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883இல் எண்மரால் தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் கானுயிர்களைப் பற்றி அறிந்தவருள் வேட்டைக்காரர் பலர். விலங்கைச் சுட்டு வீழ்த்தி, அதன் தலையைச் சுவரில் மாட்டுவதே பெருமையெனக் கருதப்பட்டது. இந்நிலையில், ஐக்கிய மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாயிருந்த எப். டபிள்யூ. சாம்பியன் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கியை விடுத்துக் காமிராவை ஏந்தினார். புலி நடமாடும் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியைக் கட்டி வைப்பார். இரவில் புலியின் கால் அதன்மேற் பட்டதும், விளக்கு பளிச்சிட்டுப் படம் தானே பதிவாகும். இப்படங்களைக் கொண்ட அவரது நூல் 1927இல் வெளிவந்தது.

சாம்பியனுக்கு அரசுப் பதவியும் அதனால் வாய்த்த வசதிகளும் துணை நின்றன. அவை ஏதுமின்றி இத்துறையில் உயர்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர்தாம் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாக 1912இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். 1942 முதல் சில ஆண்டுகள் சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர் முதலிய பல பணிகளைப் புரிந்தார். சமஸ்தானம் மறைந்தபின் வேறு உத்தியோகம் தேடாது, சென்னைக்குத் திரும்பி எழுத்தையும் படங்களையுமே நம்பி வாழ்ந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் அவர் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர், 1996இல் அவர் மறையும்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் நீடித்தது.

எழுதி வாழ்பவர் கையில் விலையுயர்ந்த கருவி வந்து சேருதல் அரிது. அன்றியும், சுதந்திரத்திற்குப் பிந்திய நாட்களில் அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளிநாட்டுக் காமிராவும் பிலிமும் எளிதிற் கிடைக்கவில்லை. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் வழங்கிற்று. ஆயினும், நெடிய லென்சுக்கு இங்குள்ளோர் பெரிதும் நம்பியது பழைய சரக்கையே. ஒரு நல்ல கருவி ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறிமாறிப் பல்லாண்டு உழைத்தது.

கிருஷ்ணனோ இதற்கும் ஒருபடி மேலே சென்றார். ஒரு கம்பெனியின் காமிரா உடல், மற்றொரு கம்பெனியின் லென்சு, தாமே செய்த இணைப்புகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெரியதொரு கருவியை அமைத்துக்கொண்டார். அதன் கனத்தை எண்ணியே போலும், ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அசாமில் தேயிலைத் தோட்ட அதிகாரியாயிருந்த இயற்கையறிஞர் ஈ. பி. ஜீ, 1964இல் வெளியிட்ட தம் நூலில் இவ்விசித்திரக் கருவியை நகைச்சுவையோடு வருணித்துள்ளார்.

நேயர்களே, இத்தகைய ஒட்டு வேலை எவ்வாறு பயன்படும் என்று நீங்கள் வினவலாம். லென்சுக்கும் பிலிமுக்கும் இடையே உரிய தூரம் அமைந்து, புற ஒளி உட்புகாதிருக்குமாயின், யார் செய்த லென்சாயினும் உருவம் தெளிவாகவே விழும். ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் காமிரா உடலிலேயே அமைந்திருந்தால், ஷட்டரில்லாத பழைய லென்சையும் பொருத்தலாம். நெகட்டிவ் பெரிதாயிருந்தால் யானையின் தோற் சுருக்கங்கள்கூட நுட்பமாகப் பதியும். கனம் மிகுதியாதல் ஒன்றே குறை. அக்குறையைக் கிருஷ்ணன் தம் தோளில் ஏற்றுக்கொண்டார். காட்டிற் கால்நடையாகவும், பழக்கிய யானையின் முதுகிலமர்ந்தும் படமெடுத்தார். வண்ணப் படத்தை நாடாது கறுப்பு வெள்ளையிலேயே நின்றார். பிலிமைக் கழுவி அச்சிடும் வேலையையும் தாமே செய்தார்.

இம்முயற்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1968இல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஆய்வு நிதியின் துணையால், தென்னிந்தியக் காடுகளின் பெரிய பாலூட்டிகளை அவர் ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரையிலான நிலையைக் கூறும் அவ்வாராய்ச்சியைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1975இல் நூலாக வெளியிட்டது. அக்காலத்தில் எக்காட்டில் எவ்விலங்கு எந்நிலையில் வாழ்ந்தது என்பதற்கு அந்நூலும் படங்களும் சான்றாக நிற்கின்றன. பல உதிரிகளைக் கூட்டிச் செய்த காமிரா ஒரு நாட்டின் கானுயிர்க் கணக்கை எழுத உதவிற்று.

இன்று காலம் மாறிவிட்டது. 1991க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தன. உதகைத் தொழிற்சாலை மூடப்பட்டது. பிலிமின் இடத்தை டிஜிட்டல் முறை பெரிதும் கைப்பற்றியது. ஆயினும் பழைய கருவி வாணிகம் குன்றவில்லை. புதியதன் விலை அவ்வளவு மிகுதி. வாங்குவோர் அறியவேண்டுவன சில உண்டு. மும்பையின் மழைக்கால ஈரத்தால் லென்சின் உட்புறம் பூஞ்சணம் படர்தல் இயல்பு. லென்சின் ஒரு புறமிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி மறுபுறமிருந்து நோக்கினால், அது சிலந்தி நூல்போலத் தோன்றும். ஷட்டரின் வேகங்கள் யாவற்றையும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். விற்பவரும் குறையை மறையாது உரைத்தல் அறம். கருவி பழுதாயிருந்தால், வாங்கியவர் இழப்பது பணம் மட்டுமன்று; காட்டில் ஒருமுறையே வாய்க்கும் கணத்தையும் இழப்பார்.

ஆனால் இவற்றினும் பெரியதொரு பொறுப்பு உண்டு. பூநாரைகள் கடல் வற்றும் வேளையில் சேற்றிலுள்ள பாசியையும் நுண்ணுயிர்களையும் அரித்துண்பவை. வற்றிய வேளை ஒரு சில மணி நேரமே. பறக்கும் காட்சியைப் பிடிக்கும் ஆசையால் படகைக் கூட்டத்தினுள் செலுத்தி அவற்றைக் கலைப்பவர், அவற்றின் உணவு வேளையையே பறிக்கின்றார். கரையோரம் குப்பை கொட்டுவதும், கண்டற் காட்டை வெட்டுவதும், சேற்று நிலத்தைத் தூர்ப்பதும் அதனினும் பெருங்கேடு.

பழுதுற்ற லென்சுக்கு மற்றொன்றைத் தேடிக்கொள்ளலாம். உடைந்த காமிராவுக்கு வேறொன்றின் உறுப்பைப் பொருத்தலாம். கிருஷ்ணன் பொருத்திக் காட்டினார். ஆனால் தூர்ந்துபோன கழிக்கு மாற்றுக் கழி எக்கடையிலும் விலைக்குக் கிடைப்பதன்று. வாஷிக் கரையில் பழைய கருவியோடு நிற்கும் இளைஞர் இதனை மனத்திற்கொண்டு, எட்ட நின்று, பொறுத்திருந்து, தாம் கண்டதைத் தேதியோடு குறித்து வைப்பாராயின், அவர் எடுக்கும் படமும் வருங்காலத்தார்க்கு ஒரு சான்றாக நிலைக்கும்.