நிரலின் பிறப்பிடம்: திறமூலத் திட்டங்களில் சொத்துரிமை ஆய்வு எதற்காக?

திறமூலத் திட்டம் ஒன்றுக்கு வரும் நிரலை அறிவுசார் சொத்துரிமை ஆய்வுக்கு உட்படுத்துவது, வழக்குக்கு அஞ்சிச் செய்யும் சட்டச் சடங்கு என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதன் தலையாய பயன் வேறு. நிரல் எங்கிருந்து வந்தது, அதைத் தருபவருக்குத் தரும் உரிமை உண்டா என்பதை, விவரம் தெரிந்தவர் அருகில் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வதுதான் அது. உரிமத்தை எந்நாளும் எடுத்துப் படிக்கலாம்; பிறப்பிடம் ஒருமுறை மறந்துபோனால் மீட்பது பெரும்பாடு.

2003 மார்ச்சில் எஸ்சிஓ குழுமம் ஐபிஎம் மீது தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. யூனிக்ஸ் உரிமைகளை மீறி லினக்ஸ் வளர்க்கப்பட்டது என்றது எஸ்சிஓ. அவ்வாண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் அது திரையிட்டுக் காட்டிய வரிகளில், நினைவகம் ஒதுக்கும் சிறு செயற்கூறு ஒன்றும் இருந்தது. அது லினக்ஸில் இருந்தது உண்மை; சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் இட்டானியம் கணினிகளுக்காகத் தந்த கோப்பு வழியே நுழைந்திருந்தது. ஆர்வலர்கள் அதன் வேரைத் தேடி 1970களின் பெல் ஆய்வக யூனிக்ஸ் வரை போனார்கள். அந்தப் பழைய பதிப்புகளைக் கால்டெரா 2002இலேயே தாராள உரிமத்தில் வெளியிட்டிருந்தது. எஸ்சிஓவின் முந்தைய பெயரே கால்டெரா. ஆக, அஞ்ச வேண்டிய அளவு ஒன்றுமில்லை. ஆனால் அதை அறியப் பழைய மூலநிரல்களை வரிவரியாக ஒப்பிட வேண்டியிருந்தது. கோப்பு நுழைந்த அன்றே அதன் மூலத்தைக் கேட்டு எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும்.

2004இல் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் அதன் கெர்னலுக்குக் கொண்டுவந்த ஒப்பமிடும் வழக்கம் அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறது: இதை நானே எழுதினேன், அல்லது தரும் உரிமை எனக்கு உண்டு. பல திறமூலத் திட்டங்களை நடத்தும் எக்லிப்ஸ் அறக்கட்டளை இன்னும் ஒரு படி போயிற்று. கமிட்டர் (நிரலை நேரே சேர்க்கும் உரிமை பெற்றவர்) அல்லாதவர் அனுப்பும் நிரல் 1000 வரியைத் தாண்டினால் அதன் சொத்துரிமைக் குழு பார்த்த பிறகே சேரும்.

பங்களிப்பாளர் பெயர், நிரல் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் வரலாற்றிலேயே இருக்கிறதே, தனிப் பதிவு எதற்கு என்று கேட்கலாம். கிட் சொல்வது எழுதியவர் பெயரை. உரிமையாளர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17ஆம் பிரிவின்படி, மாறான உடன்பாடு இல்லாதவரை, பணியின் போக்கில் எழுதியதற்கு முதல் உரிமையாளர் வேலை தருபவரே. சென்னையில் பகலில் அலுவலக நிரலும் இரவில் திறமூல நிரலும் எழுதும் பொறியாளருக்கு இது ஏட்டளவுக் கேள்வியல்ல. ஒப்பமிட்டவர் பொய் சொன்னால் என்ன செய்வது என்ற ஐயமும் நியாயமானது. பொய்யை எந்த ஆய்வும் முழுமையாகத் தடுக்காது. ஆனால் பொறுப்பு யாருடையது என்பதும், திட்டம் நல்லெண்ணத்துடன் நடந்துகொண்டது என்பதும் பதிவில் நிற்கும்.

ஆய்வால் நேரும் காலதாமதம் பற்றிய குறைதான் எனக்கு வலுவாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான சார்பு நூலகங்கள் ஒவ்வொன்றின் பூர்வீகத்தையும் தோண்டுவது வீண் உழைப்பு. அவற்றை எழுதியவர்கள் திட்டத்தின் வாசலில் நிற்பவர்களும் அல்லர். 2019இல் எக்லிப்ஸ் வெளியார் நூலகங்களுக்கு உரிமச் சரிபார்ப்பே போதும் என்று தளர்த்தி, தன் திட்டங்களுக்கு நேரே வரும் நிரலுக்குப் பிறப்பிட ஆய்வை விடாமல் வைத்துக்கொண்டது. கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் எதிரே இருக்கும் இடத்தில் கேள்வியைக் கடுமையாக வைத்தது சரியான முடிவு. சிறிய திட்டங்களும் தங்கள் சொற்ப நேரத்தை அங்கேதான் செலவிட வேண்டும்.