ஸ்காட்லாந்தின் பொது வாரியப் பாலினப் பிரதிநிதித்துவச் சட்டம், 2018

ஸ்காட்லாந்தில் அரசுசார் அமைப்புகளை வழிநடத்தும் வாரியங்களில் பாதி இடம் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்ற இலக்குடன் இயற்றப்பட்ட சட்டம் இது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2018 ஜனவரி 30 அன்று இதை நிறைவேற்றியது. மார்ச் மாதம் அரச ஒப்புதல் கிடைத்தது. முக்கியப் பிரிவுகள் 2020-இல் நடைமுறைக்கு வந்தன. இலக்கை எட்டுவதற்கான கெடு 2022 டிசம்பர் முடிவு.

சமவாய்ப்புச் சட்டங்களை இயற்றும் அதிகாரம் பெரும்பாலும் லண்டன் நாடாளுமன்றத்திடமே இருந்தது. 2016-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் அதில் ஒரு சிறு பகுதியை எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்கு மாற்றிக் கொடுத்தது. பொது வாரிய நியமனங்கள் அதில் அடங்கின. 2014-இல் முதலமைச்சரான நிக்கோலா ஸ்டர்ஜன் தம் அமைச்சரவையில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இடம்பெறச் செய்தவர். புதிய அதிகாரம் கைக்கு வந்ததும் அவருடைய அரசு இந்த மசோதாவைக் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

சுகாதார வாரியங்கள், குடிநீர் வழங்கும் ஸ்காட்டிஷ் வாட்டர், காவல்துறை ஆணையம், கல்லூரி, பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் முதலியவை இதன் வரம்புக்குள் வருகின்றன. ஆனால் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்வது நிர்வாகப் பொறுப்பு இல்லாத உறுப்பினர்களை மட்டுமே. அமைப்பை நாள்தோறும் நடத்தும் தலைமைச் செயல் அலுவலர் பதவியை அது தொடுவதில்லை. சம்பளமும் அதிகாரமும் மிகுந்த நாற்காலிகள் பல அங்கேதான் இருக்கின்றன என்பதால் இதைச் சிறிய குறையாகக் கருத முடியாது. உறுப்பினர் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் கழித்துவிட்டுப் பாதியைக் கணக்கிட வேண்டும். ஏழு பேர் கொண்ட வாரியத்தில் மூன்று பெண்கள் இருந்தாலே இலக்கு நிறைவேறியதாகும்.

தகுதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பெண்ணை நியமிக்கச் சொல்லும் ஒதுக்கீடு அல்ல இது. நியமிப்பவர் முதலில் தகுதியில் மேம்பட்டவர் யார் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கே இடம். இருவரோ பலரோ சமத் தகுதியில் நின்றால்தான் பெண்ணுக்கு முன்னுரிமை. அதற்கும் ஒரு விலக்கு உண்டு: பெண் அல்லாத விண்ணப்பதாரருக்கே உரிய ஏதேனும் தனித்தன்மையோ சூழ்நிலையோ நியாயமான காரணமாக அமைந்தால் அவரையும் தேர்ந்தெடுக்கலாம்.

இந்த விலக்குக்கு ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்புகளில் முன்னோடி உண்டு. ஜெர்மனியின் பிரேமன் மாநிலத்தில் சமத் தகுதியுள்ள பெண்ணுக்குத் தானாகவே முன்னுரிமை தந்த விதி செல்லாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995-இல் கலான்கே வழக்கில் சொன்னது. ஆண் விண்ணப்பதாரரின் தனி நிலையையும் பரிசீலிக்க இடம் வைத்த விதியை 1997-இல் மார்ஷல் வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றது. ஸ்காட்லாந்துச் சட்டத்தின் வாசகம் இந்த இரண்டாவது தீர்ப்பின் தடத்தில் செல்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டமும் சமநிலையில் முன்னுரிமை தருவதை அனுமதித்தது. ஆனால் விரும்பினால் செய்யலாம் என்ற அளவில்தான். ஸ்காட்லாந்து அதைக் கடமையாக்கியது.

இலக்கை எட்டாத வாரியத்துக்கு அபராதமோ கலைப்போ கிடையாது. சமத் தகுதியில் முன்னுரிமை தருவதோடு, பெண்கள் விண்ணப்பிக்க ஊக்குவிப்பதும், எடுத்த முயற்சிகளை அறிக்கையாக வெளியிடுவதும்தான் கடமை. நார்வேயின் வழி வேறு. அங்கே 2003-இல் வந்த சட்டத்திருத்தம் பங்குச்சந்தை நிறுவனங்கள் உட்பட பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களில் இரு பாலரும் சுமார் 40 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்றது. மீறும் நிறுவனத்தைக் கலைக்கவும் இடமளித்தது. அந்த விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஸ்காட்லாந்துச் சட்டமோ பெண்களின் பங்குக்கு மட்டுமே இலக்கு வைக்கிறது.

இத்தனை மென்மையான சட்டம் உலகச் செய்தியானது அதிலிருந்த ஒரு வரையறையால். 'பெண்' என்பதில், பெண்ணாக வாழும், பாலின மாற்ற நடைமுறைக்கு உட்படும் திருநங்கையரையும் அது சேர்த்திருந்தது. ஃபார் விமன் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. அந்த வரையறை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் அதிகார வரம்பை மீறியது என்று 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது. ஸ்காட்லாந்து அரசு இச்சட்டத்துக்கான வழிகாட்டுதலைத் திருத்தி, பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்ற திருநங்கையரைப் பெண்களாகவே கணக்கிடலாம் என்றது. அமைப்பு மறுபடியும் வழக்குத் தொடுத்து, ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில் 2022-லும் 2023-லும் தோற்றது.

2025 ஏப்ரல் 16 அன்று ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றினர். சமத்துவச் சட்டத்தில் 'பெண்', 'பால்' ஆகிய சொற்கள் உயிரியல் பாலையே குறிக்கும். சான்றிதழ் பெற்றிருந்தாலும் வாரியக் கணக்கில் திருநங்கையரைப் பெண்களாகச் சேர்க்க இயலாது என்றனர். பாலின மாற்றத்தின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பு திருநர்களுக்குத் தொடர்கிறது என்றும் குறிப்பிட்டனர். திருநர் உரிமை அமைப்புகள் தீர்ப்பைக் கடுமையாக விமர்சித்தன. வழக்குத் தொடுத்த தரப்பு கொண்டாடியது. இந்த ஆரவாரத்தில், வாரியங்களில் பெண்களின் எண்ணிக்கை என்ன ஆயிற்று என்ற மூலக் கேள்வி பொது விவாதத்தில் பின்னுக்குப் போய்விட்டது.

சர்ச்சைக்குரிய வரையறையை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2024-இல் ஒரு திருத்தச் சட்டத்தின் மூலம் நீக்கியது. 50 விழுக்காடு இலக்கும் அறிக்கை தரும் கடமையும் அப்படியே நீடிக்கின்றன.