கண்ணாடி போடாத படங்கள்

சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இந்தக் கரையில் வணிகம் செய்து இங்கேயே இறந்துபோனவர்களின் பெயரும் தேதியும் குலச்சின்னமும் கல்லில் அழுத்தமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் இந்த ஊருக்கு எதிரே மோதிக்கொண்டன. 1824-ல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஊரே டச்சுக்காரர்கள் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அத்தனைக்குப் பிறகும் அந்தக் கற்களிலுள்ள எழுத்தை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

இந்தக் கிட்டங்கிக்கு மஸ்லின் நெய்து கொடுத்தவர்களுக்கும், அலைக்கு நடுவே படகில் மூட்டையேற்றியவர்களுக்கும் அப்படி ஒரு கல் கிடையாது. சாதாரண மனிதர்களின் முகம் இந்தக் கரையில் முதன்முதலாகத் தங்கியது காகிதத்தில்தான். அதுவும் பெரும்பாலும் சட்டமும் கண்ணாடியும் இல்லாத காகிதத்தில். சுவரில் ஆணியடித்து, பசை தடவி, குண்டூசி குத்தி, கண்ணாடி பிரேமின் இடுக்கில் செருகி வைத்த போட்டோக்கள். நம் புகைப்பட வரலாறுகளில் அவற்றுக்கு இடம் ரொம்பக் குறைவு. ஆல்பத்துக்கு இருக்கிறது, ஸ்டுடியோவுக்கு இருக்கிறது, மாலை போட்ட பெரிய படத்துக்கும் இருக்கிறது. சுவரில் சும்மா ஒட்டியிருந்த படத்துக்கு இல்லை.

காகிதத்தைச் சட்டமில்லாமல் சுவரில் தொங்கவிடுவது புகைப்படத்துக்கும் முந்தைய பழக்கம். டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் அச்சடித்த பெரிய வரைபடங்களுக்கு மேலும் கீழும் மரக்கழி கோத்துச் சுவரில் மாட்டினார்கள். வெர்மீரின் 'ஓவியக் கலை' என்ற ஓவியத்தில் பின்சுவர் முழுக்க அப்படியொரு வரைபடம் தொங்குகிறது. மடித்து வைத்த தடம்கூட அதில் தெரியும். கோட்டைக் கல்லறையில் கிடப்பவர்களில் சிலர் அவர் வாழ்ந்த நூற்றாண்டின் ஆட்கள்தான்.

ஆனால் புகைப்படம் பிறந்தபோது அதற்குக் கண்ணாடி இல்லாமல் வாழ்க்கையே இல்லை. 1839-ல் பாரிஸில் தாகேர் அறிவித்த முறையில் படம் விழுந்தது வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டின்மேல். அதன் மேற்பரப்பு அவ்வளவு மென்மையானது, விரல் பட்டால் முகம் அழிந்துவிடும். கண்ணாடி போட்டு, பெட்டிக்குள் வைத்துத்தான் கொடுப்பார்கள். அதைவிட முக்கியமான விஷயம், ஒரு தகடு என்றால் ஒரே ஒரு படம். காப்பி எடுக்க வழியில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தில் டால்பட் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார். அவர் காகிதத்தில் நெகட்டிவ் எடுத்தார், அதிலிருந்து இன்னொரு காகிதத்தில் படம் எடுத்தார். கூர்மையில் தகட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு நெகட்டிவிலிருந்து பத்து எடுக்கலாம், நூறும் எடுக்கலாம். கையில் பிடிக்கலாம், தபாலில் அனுப்பலாம், சுவரில் ஒட்டலாம்.

சட்டமில்லாத புகைப்படம் என்பது இந்த இரண்டாவது வழியின் பிள்ளை. 'காப்பி எடுக்கலாம்' என்பதும் 'கண்ணாடி வேண்டாம்' என்பதும் ஒரே கருவில் வந்த குணங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இது அடிப்படை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

மதராஸுக்குப் புகைப்படம் சீக்கிரமே வந்துவிட்டது. 1856-ல் இங்கே ஒரு புகைப்படச் சங்கமே தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் ட்ரைப் நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று காகித நெகட்டிவோடு சுற்றி வந்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே சுருளாக்கினார். எந்தச் சட்டத்துக்குள்ளும் அடங்காத படம் அது. பிறகு ஆளுநராக வந்த ட்ரெவெல்யன், செலவு அதிகம் என்று அந்த வேலையையே நிறுத்திவிட்டார்.

அரசு செலவு பார்த்து விட்டதை ஸ்டுடியோக்கள் காசு வாங்கிக்கொண்டு செய்தன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்டுடியோ படங்கள் கெட்டி அட்டையில் ஒட்டப்பட்டே வந்தன. அன்றைய போட்டோக் காகிதம் காய்ந்ததும் ஓலைச்சுருள் மாதிரி சுருண்டுகொள்ளும், அதை நிமிர்த்த அட்டை வேண்டியிருந்தது. அட்டையின் அடியில் ஸ்டுடியோ பெயரைப் பொன்னெழுத்தில் பொறிப்பார்கள். நம் ஊரில் அதற்கு 'மவுண்ட்' என்று பெயர். மவுண்ட் போட்ட படத்துக்கு உடனே பிரேம் தேவைப்படாது. அலமாரியில் சாய்த்து வைக்கலாம், மாடத்தில் நிற்க வைக்கலாம். பிரேமும் கண்ணாடியும் தனிச் செலவு. முடிந்தவர்கள் போட்டார்கள்.

பிரேம் போடும் கடைக்கு எந்தப் படம் போனது என்று கவனித்தால் ஒரு வீட்டின் மனசு தெரியும். முதலில் சாமி படங்கள். ரவிவர்மா 1894-ல் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்களும், பின்னாளில் சிவகாசியில் அச்சான படங்களும் கண்ணாடிக்குள் போயின. அடுத்தது கல்யாணப் படம். அதற்கடுத்து, இறந்தவர்களின் படம். பொட்டு வைத்து, மாலை போட்டு, சின்னதாக ஒரு சிவப்பு பல்பும் போடுவது இவர்களுக்குத்தான். தனியாக எடுத்த ஒரு பெரியவரின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால், வீட்டுக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, "எப்ப தவறினாரு?" என்று கேட்டுவிடுவார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறையும் இருந்தது. அந்த நம்பிக்கை போன பிறகும் அந்தத் தயக்கத்தின் மிச்சம் கண்ணாடியில் தங்கிவிட்டது.

அப்படியானால் உயிரோடு இருப்பவர்கள் எங்கே? சாமி பட பிரேமின் கீழ் மூலையில், மரச்சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகிய பாஸ்போர்ட் சைஸ் படமாக இருந்தார்கள். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்ததில் மிஞ்சியது. துபாய்க்குப் போன மகன் அனுப்பியது. முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் பேரன். ரேஷன் கார்டுக்கும் பஸ் பாஸுக்கும் எடுத்த படங்களின் உபரி, காலண்டர் ஆணியிலும் பீரோ கதவிலும் குடியேறியது. அடுத்த படம் வந்ததும் முந்தையது கீழே இறங்கும். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு எதற்கு நிரந்தரப் படம்? கண்ணாடி போடாதது அலட்சியம் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஆளின் கதை இன்னும் முடியவில்லை என்று அந்த இடுக்கு சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தப் பொருள் எவ்வளவு கனமானது என்று கிளிநொச்சியில் பார்க்கலாம். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் 2017 பிப்ரவரி 20 அன்று அங்கே தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். கையிலும் பந்தலிலும் பிள்ளைகளின் படங்கள். வீட்டில் எந்த மூலையிலோ இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி எடுத்து வந்திருப்பார்கள். அவற்றுக்கு மாலை கிடையாது. மாலை போட்டால் பிள்ளை இல்லை என்று தாயே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

சரி, கடற்கரைச் சுவர் இந்தப் படங்களை என்ன செய்யும்? கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்கி நிற்பது ஜெலட்டின், விலங்கெலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் புரதம். ஈரம் பட்டால் அது ஊறும், இளகும், பூஞ்சை அதைச் சாப்பிடும். உப்புக் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதில் ஒரு வேடிக்கை, பாதுகாக்கப் போட்ட கண்ணாடியே இங்கே எதிரியாகிவிடுகிறது. படம் கண்ணாடியை ஒட்டியபடி இருந்தால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் ஜெலட்டின் இளகி, பங்குனி வெயிலில் காய்ந்து, கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிறகு பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடி இல்லாத படம் தூசியும் புகையும் ஏறி மங்கினாலும், காற்றாடக் காய்ந்துவிடுகிறது. சுண்ணாம்புச் சுவரில் நேராகப் பசை போட்டு ஒட்டியதற்கு மட்டும் கதி இல்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கிழிந்தே வரும்.

வண்ணம் வந்தபோது நிலைமை இன்னும் மாறியது. 1970-களில் பரவிய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதம் சுருளாது, மவுண்ட் தேவையில்லை, அப்படியே சுவரில் ஒட்டலாம். வீடுகளில் சட்டமில்லாத படங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கால வண்ணச் சாயம் நிலைக்கவில்லை. பல வீட்டு 1980-களின் கல்யாணங்கள் இப்போது செம்மண் நிறத்தில் இருக்கின்றன. அதே வீட்டில் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் திடமாக இருக்கும். ஒரு படத்தின் ஆயுள் அதன் வயதில் இல்லை, அதன் வேதியியலில் இருக்கிறது.

பிறகு 2004 டிசம்பர் 26. கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இறைப்பு நிலையத்தில் கடல்நீர் புகுந்து, ஓடிக்கொண்டிருந்த உலை நிறுத்தப்பட்டது. அது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. குடியிருப்பிலும் குப்பங்களிலும் மனிதர்கள் போனார்கள். வீடு போனபோது சுவரும் போனது, சுவரோடு முகங்களும் போயின. பிரேம் போட்டது, போடாதது என்று கடல் பார்க்கவில்லை.

ஏழாண்டுக்குள் இதே துயரம் ஜப்பானில் நடந்தது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலைக்குப் பிறகு, மியாகி மாநிலத்தின் யமமோட்டோ என்ற ஊரில் சேற்றிலிருந்து ஏறத்தாழ 7,50,000 போட்டோக்கள் சேகரிக்கப்பட்டன. தன்னார்வலர்கள் அவற்றைத் தண்ணீரில் கழுவி, கொடி கட்டிக் காயவைத்து, உரியவர்களிடம் சேர்க்க முயன்றார்கள். யாரென்றே தெரியாத அளவுக்குச் சிதைந்த படங்கள் பின்னர் கண்காட்சிகளாகப் பல நாடுகளில் சுவரேறின. சாயம் ஓரத்திலிருந்து கரைந்து நடுவில் ஒரு முகம் மட்டும் எஞ்சிய படங்கள் அவற்றில் உண்டு. கழுவிக் காயவைக்க முடிந்ததே அவை ஆய்வகத்தில் தண்ணீரில் பிறந்த படங்கள் என்பதால்தான். வீட்டுப் பிரின்டரின் சாதாரண மையில் அச்சடித்தது நனைந்தால் அப்படியே ஒழுகிவிடும்.

நான் வேலை பார்க்கும் துறையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரே இடத்தில் இருக்கிற தகவலைப் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. எவ்வளவு கெட்டியான பெட்டியில் வைத்தாலும் அப்படித்தான். வேறு வேறு ஊர்களில் பிரதி இருந்தால்தான் பத்திரம். டால்பட்டின் காகிதம் இதை எப்போதோ சாத்தியமாக்கிவிட்டது, நம் வீடுகளும் தெரியாமலே அதைச் செய்தன. ஸ்டுடியோவில் 'அரை டஜன் காப்பி' சொன்னது எதற்கு? அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, பெண் பார்க்கிற இடத்துக்கு ஒன்று. அந்தக் காப்பிகள் வேறு ஊரில், வேறு சுவரில், வேறு சாமியின் மூலையில் செருகப்பட்டன. கடல் ஒரு ஊரின் சுவர்களைத்தான் எடுத்துக்கொள்ளும். செங்கல்பட்டில் அத்தை வீட்டு இடுக்கில் இருக்கும் படத்தைத் தொட முடியாது.

நெகட்டிவை நம்ப முடியாது. பழைய நெகட்டிவ்கள் அவற்றிலிருக்கும் வெள்ளிக்காகவே விலைபோயிருக்கின்றன, ஸ்டுடியோக்கள் மூடப்பட்டிருக்கின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்னுருவாக்கியது மிகப் பெரிய வேலை. ஆனாலும் ஸ்டுடியோவில் இருந்ததுதான் காப்பகத்துக்கு வரும். எந்தச் சுவரில், யாருக்குப் பக்கத்தில், எத்தனை நாள் அந்தப் படம் இருந்தது என்பது அந்த வீட்டு ஆட்களுக்கு மட்டுமே தெரியும்.

இப்போது நம் போனில் ஆயிரக்கணக்கில் முகங்கள் இருக்கின்றன, சுவரில் ஒன்றும் இல்லை. போன் படத்துக்கு இடுக்கு கிடையாது, கடந்து போகும்போது கண்ணில் படாது. நாலுக்கு ஆறு பிரின்ட் இன்னும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பிரேம் வாங்கும்வரை காத்திருக்காமல் ஒட்டுங்கள். வெயில் நேராக விழும் சுவரும், மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். செல்லோடேப்பைப் படத்தின்மேல் ஒட்ட வேண்டாம், அது மஞ்சளாகிப் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் கழி கோத்தோ, கயிற்றில் கிளிப் போட்டோ தொங்கவிடலாம். மாட்டும் முன் பின்பக்கம் பெயர், ஊர், வருஷம் எழுதுங்கள். கண்ணாடி போடாத படத்தின் பெரிய வசதியே அதுதான், திருப்பிப் பார்க்கலாம்.

அப்புறம், இன்னொரு காப்பி போட்டு வேறு ஊரில் இருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிற ஊராக இருந்தால் நல்லது.