கள் தடை (திருநெல்வேலிச் சீமை)

பனையின் கள்ளை இறக்கவும் விற்கவும் தமிழ்நாட்டில் விதிக்கப்பட்ட தடை. ஒழுக்கத்தின் பெயரால் வந்த மதுவிலக்கின் தொடர்ச்சி இது. இராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மீண்டும் தளர்ந்தது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது.

தாமிரபரணியின் கடைமடைக்குத் தெற்கே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் தேரிக்காடுகளில் பனையேறிகள் பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். கள்ளுக்கும் பதநீருக்கும் மரம் ஒன்று, பாளை ஒன்று, அரிவாளும் ஒன்று. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள். சுண்ணாம்பு குறைந்து புளித்த பதநீர் காய்ச்சினாலும் கருப்பட்டியாக இறுகாது. ஆகவே நல்ல கருப்பட்டிக்காரர் கள்ளைத் தானே தவிர்ப்பவர். ஆனாலும் சந்தேகம் விழுவது அவர் கலயத்தின் மேல்தான். பதநீர் இறக்குவோரும் வழக்குக்கு அஞ்சித் தொழிலைக் கைவிட்டதாகப் பனையேறிகள் நெடுங்காலமாக முறையிடுகின்றனர்.

குடி குறையவில்லை. 1983-இல் தொடங்கப்பட்ட அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் நடத்துகிறது. மரத்தின் கள் குற்றமாக, ஆலையின் மது அரசு வருவாயானது; இந்த முரணுக்கு ஒழுக்க நியாயம் கிடையாது. வருமானம் போன பனைகள் செங்கல் சூளைக்கு விறகாயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு 2021-இல்தான் வந்தது.